பாஸ்போர்ட் உறைக்குள் ஒரு சிம் கார்டு

சிங்கப்பூரில் நாங்கள் தங்கியிருக்கும் தொழிலாளர் டார்மிட்டரியின் சமையல்கூடத்தில் வரிசையாகப் பதினான்கு அடுப்புகள் இருக்கின்றன. மூன்றாவது அடுப்பில் மட்டும் யாரும் சமைக்க மாட்டோம். அது நன்றாகத்தான் எரியும். ஆனால் பக்கத்துக் கட்டடத்தின் இலவச வைஃபை அந்த ஓர் இடத்தில்தான் சுவரைத் தாண்டி வருகிறது. வேலை முடிந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், அணைந்து கிடக்கும் அடுப்பைப் பார்த்தபடி நின்று, ஊரில் இருக்கும் பெண்டாட்டி பிள்ளைகளோடு பேசுவார்கள். இரண்டு பேர் நின்றால் படம் உறைந்துவிடும், அதனால் மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும். புதிதாக வந்த பீகார்க்காரர் ஒருவர் விவரம் தெரியாமல் அதில் சட்டியை வைத்தார். ஆறு பேர் சேர்ந்து கத்தினோம். அந்த அடுப்பில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மறுவாரம் அவரும் அதே அடுப்பு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

ஊரில் இருந்தவரை டேட்டாவைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, அன்றைய கணக்கில் மிச்சம் இருப்பதைத் தீர்த்தாக வேண்டும் என்பதற்காகவே எவனோ மீன் பிடிப்பதையும் எவனோ பரோட்டா தின்பதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். சிங்கப்பூரில் அதே நான் மகளின் படம் திரையில் தெளிவாகத் தெரிகிறதே என்று சந்தோஷப்படாமல், தெளிவாகத் தெரிந்தால் டேட்டா அதிகமாகப் போகுமே என்று கேமராவை அணைக்கச் சொல்கிறேன். இந்தப் புத்தியை யார் எனக்குக் கொடுத்தார்கள் என்று யோசித்தால் கோபம்தான் வருகிறது. வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவனுக்கு ஏஜெண்ட் விசா சொல்கிறான், டிக்கெட் சொல்கிறான், எத்தனை கிலோ ஊறுகாய் கொண்டுபோகலாம் என்பதுகூடச் சொல்கிறான். போய் இறங்கியதும் எந்த சிம் போட வேண்டும், எதைக் கழற்றக் கூடாது என்று ஒருவனும் சொல்வதில்லை. அவன் சொல்லாததால் எனக்கு என்ன ஆனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

திருச்சி ஏர்போர்ட் வாசலில் நின்று பார்த்திருக்கிறீர்களா? உள்ளே போகும் கேட்டுக்கு முன்னால், எங்கள் பக்கத்து ஆட்கள் செய்கிற ஒரு காரியம் உண்டு. பெண்டாட்டி தாலிக்கயிற்றில் மாட்டியிருக்கும் ஊக்கை எடுத்துக் கொடுப்பாள். புருஷன் அந்த ஊக்கின் முனையால் போனின் ஓட்டையைக் குத்தி, சிம்மை வெளியே எடுத்து அவள் கையில் வைப்பான். அவள் அதைப் பர்சில் போட்டு மூடுவாள். பிறகுதான் அழுகை. இது ஏதோ சடங்கு மாதிரி ஆகிவிட்டது. எல்லாம் பயம்தான். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் எந்தக் காலத்திலோ மாதக் கடைசியில் பில் வரும் சிம்மோடு போய் இறங்கினாராம், போன் தானாக டேட்டாவை இழுத்து ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிட்டதாம். அந்தக் கதை தா.பழூரிலிருந்து பூலாம்பாடி வரை எல்லாருக்கும் தெரியும். முன்பணம் போட்ட சிம்மில் அப்படி நடக்காது, போட்ட பணத்துக்கு மேல் போகவே போகாது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. கதை பரவிய வேகத்தில் விவரம் பரவவில்லை.

முதல் முறை வந்தபோது நானும் அப்படித்தான் சிம்மை என் மனைவி கொளஞ்சியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இறங்கிய இடத்திலேயே கவுண்டரில் பளபளப்பாக ஒரு சிம் விற்றார்கள். ஏழு நாளைக்கு நூறு ஜிபி. வாயைப் பிளந்து வாங்கினேன். அந்த ஏழு நாளும் எங்களை மெடிக்கலுக்கும் பாதுகாப்பு வகுப்புக்கும் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். போனைக் கையில் எடுக்கவே விடவில்லை. எட்டாம் நாள் பேசலாம் என்று உட்கார்ந்தால் லைன் செத்துக் கிடந்தது. அது சுற்றுலாக்காரனுக்கான சரக்கு. அதை எனக்கு விற்ற பெண்ணுக்கு என் கையில் இருந்த வொர்க் பெர்மிட் காகிதம் தெரியாமல் இல்லை. சிரித்துக்கொண்டேதான் விற்றாள்.

போன தையில் லீவு முடிந்து திரும்பும்போது, இந்தத் தடவை சிம்மைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். போன முறை சிம் ஊரில் இருந்ததால் பேங்க் ஆப் என்னை உள்ளே விடவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவளைக் கூப்பிட்டு, அந்த சிம்முக்கு வரும் மெசேஜைப் படிக்கச் சொல்லி, அவள் வயலில் இருந்து வீட்டுக்கு ஓடி, அதற்குள் நேரம் போய்... அந்தப் பாடே வேண்டாம் என்று, வெளிநாட்டிலும் எடுக்கும்படி ரோமிங்கைத் திறந்துகொண்டு சிம்மோடு விமானம் ஏறினேன். பக்கத்து சீட்டில் மாரிமுத்து அண்ணன். பூலாம்பாடிக்காரர், இருபது வருடமாகப் போய் வருகிறவர். இறங்கியதும் என் போனைப் பார்த்தார்.

"ஊரு சிம்மயா போட்டிருக்க? கழட்டுடா மொதல்ல."

"நெட்ட ஆஃப் பண்ணிட்டேன்ணே."

"நீ ஆஃப் பண்ணா அது ஆஃப் ஆயிடுமா? உள்ள இருந்தாலே உறிஞ்சும்டா. நான் பாத்துருக்கேன்."

இருபது வருடக்காரர் சொன்னால் தட்ட முடியுமா? கழற்றினேன். நகம் அளவு பொருள், தொலைந்துவிடக் கூடாதே என்று பாஸ்போர்ட்டின் பிளாஸ்டிக் உறைக்குள் செருகினேன். பத்திரமான இடம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் கம்பெனி ஆபீசில், பத்திரமாக இருக்கும் என்று சொல்லி எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி லாக்கரில் வைத்தார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். சிம் நினைவே வரவில்லை. கையில் உள்ளூர் சிம் இருந்தது, வேலை ஓடியது.

கொளஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தா.பழூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. பட்டா என் பெயரில். ஒன்பது வருடமாக நான் சிங்கப்பூரில் சாரம் கட்டிக்கொண்டிருக்கிறேன். நாற்று விட்டு, ஆள் பிடித்து, தண்ணீர் கட்டி, எலிக்குப் பொறி வைத்து, அறுவடை மெஷின்காரனோடு சண்டை போட்டு விவசாயம் பார்ப்பது அவள். லீவில் இருந்தபோது கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொடுக்கக் கம்ப்யூட்டர் சென்டரில் போய்ப் பதிந்தோம். "நம்பர் சொல்லுங்க" என்றார் அந்த ஆள். நான் என் நம்பரைச் சொன்னேன். கொளஞ்சி பக்கத்தில்தான் நின்றாள். அவள் போன் அவள் கையில்தான் இருந்தது.

மாசி பிறந்து அறுவடை முடிந்தது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சைட்டில் உட்கார்ந்திருந்தேன். கொளஞ்சி கூப்பிட்டாள். பின்னால் லாரிச் சத்தமும் ஆட்களின் சத்தமும் கேட்டன.

"ஏங்க, நம்பரு வந்துச்சா? சீக்கிரம் சொல்லுங்க."

"என்ன நம்பரு?"

"ஒங்க போனுக்கு ஆறு நம்பரு வந்திருக்குமாம். அதச் சொன்னாதான் எட போடுவாங்களாம். அஞ்சு நாளா காத்துக் கெடந்து இப்பதான் நம்ம முறை வந்திருக்கு."

"எனக்கு ஒன்னும் வரலையே."

"அனுப்பிட்டேங்கறாரு. நல்லாப் பாருங்க."

அப்போதுதான் உறைத்தது.

"அந்த சிம்மு போன்ல இல்ல புள்ள."

"பின்ன?"

"பாஸ்போர்ட் கவருக்குள்ள வச்சேன்."

"எடுத்துப் போடுங்க."

"பாஸ்போர்ட்டு கம்பெனி லாக்கர்ல இருக்கு."

கொளஞ்சி சொன்னாள்: "நல்லவேள, தாலிய எங்கிட்ட விட்டுட்டுப் போனீங்க. அதையும் கவருக்குள்ள சொருகிருப்பீங்க."

கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவர் மூன்று தடவை நம்பர் அனுப்பிப் பார்த்தார். அவர் கத்தவில்லை. "நான் என்னம்மா பண்றது, அத அடிச்சாதான் மெஷின் அடுத்ததுக்குப் போவுது. கைரேகை வைக்கிறதுன்னாலும் பட்டாதாரரு விரல்தான் வேணும்" என்றார். பக்கத்தில் மூட்டை தூக்கும் ஆள் ஒருவர், "விரல மட்டும் பார்சல்ல அனுப்பச் சொல்லு தாயி" என்றார். நாலைந்து பேர் சிரித்தது என் காதில் விழுந்தது. கொளஞ்சி சிரிக்கவில்லை. "நாளைக்குள்ள எப்புடியாச்சும் அந்த சிம்ம எடுங்க. மேக்க கருக்கலா இருக்கு. தார்ப்பாய் ஒன்னுதான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆபீஸ் தீவின் அந்தக் கோடியில். சூப்பர்வைசரிடம் கெஞ்சி மறுநாள் காலை அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு போனேன். அங்கே பாஸ்போர்ட்டுக்குப் பொறுப்பு மிஸ் லிம் என்ற சீனப் பெண். நல்லவர்தான். ஆனால் பாஸ்போர்ட் என்று நான் சொன்னதும் முகம் மாறியது.

"வொய்? யூ வாண்ட் கோ ஹோம் ஆ?"

"நோ கோ ஹோம், மிஸ். இன்சைட் சிம் கார்டு. மை ரைஸ் வெட். டுடே வெட்."

"ரைஸ் வெட்?" என்று யோசித்தார். "யூ டெல் கேட்டரிங் லா. நாட் மீ."

சாப்பாட்டுக் கம்பெனிக்காரன் கொடுத்த சோறு குழைந்துவிட்டது என்று புகார் சொல்ல வந்திருக்கிறேன் என நினைத்து, அவர்களுக்குப் போன் போடவே கையை நீட்டினார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தோடு தீர்ந்தது. கொளஞ்சி முந்தின நாள் அனுப்பிய படத்தை எடுத்துக் காட்டினேன். கொள்முதல் நிலையத்துக்கு வெளியே, தரையில், எங்கள் நெல் குவியல். பாதியைத் தார்ப்பாய் மூடியிருந்தது. பக்கத்தில் அவள் நின்றாள். மிஸ் லிம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நான் சைகையால் வானத்தைக் காட்டினேன், மழையைக் காட்டினேன், என் போனைக் காட்டினேன், ஆறு விரலைக் காட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் கொளஞ்சியின் மேல் விரலை வைத்துக் கேட்டார்:

"திஸ் யுவர் வைஃப்? ஷீ தேர், யூ ஹியர். வொய் நாட் ஹர் நம்பர்?"

"இந்தியா லைக் தட், மிஸ்" என்றேன். இந்தியாவின் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

லாக்கரைத் திறந்து, நோட்டில் கையெழுத்து வாங்கி, பாஸ்போர்ட்டைத் தன் கைக்கு அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உறையை மட்டும் பிரிக்க விட்டார். சிம் அங்கேயே இருந்தது. அவர் மேசையில் கிடந்த குண்டூசியால் குத்திப் போட்டேன். இரண்டே நிமிடம். உள்ளூர் நெட்வொர்க்கின் பெயர் வந்தது. வந்த கையோடு மூன்று மெசேஜ். மூன்றிலும் ஆறு ஆறு எண்கள். எல்லாம் நேற்றைக்கு வந்தவை, ஐந்து நிமிடத்தில் செத்துப் போனவை. இதற்கு ஒரு காசு செலவாகவில்லை. ரோமிங்கில் வரும் மெசேஜுக்குக் காசு இல்லை. எந்தச் செலவுக்குப் பயந்து கழற்றினேனோ அப்படி ஒரு செலவே கிடையாது. செட்டிங்கில் 'டேட்டா ரோமிங்' என்ற ஒரே ஒரு பொத்தானை அணைத்துவிட்டு சிம்மை அதன் இடத்திலேயே விட்டிருந்தால் போதும்.

கொளஞ்சியைக் கூப்பிட்டேன். "சிம்மு போட்டாச்சு, இப்ப அனுப்பச் சொல்லு" என்றேன்.

"மழ புடிச்சிருச்சுங்க" என்றாள். தகரத்தில் அடிப்பது மாதிரி ஒரு சத்தம் பின்னால் கேட்டது. "மெஷின மூடிட்டாங்க. நெல்லு கீழ வழியா தண்ணி போயிட்டு இருக்கு."

நான் கத்தினேன். நீ ஏன் இன்னொரு தார்ப்பாய் வாங்கவில்லை என்று கத்தினேன். ஆபீசில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தப்பு செய்தவன் நான், கத்தியதும் நான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒம்போது வருஷமா சேத்துல எறங்குனது யாருங்க? காலு என்னுது, கையி என்னுது, முதுகு என்னுது. நம்பரு மட்டும் ஒங்களுது" என்றாள். லைனைத் துண்டித்தாள். பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. நெல்லை ரோட்டில் கொட்டி நான்கு நாள் காயவைத்தாள் என்பதையும், அடியில் இருந்தது முளைவிட்டுப்போனதையும், ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பப்பட்டதைத் தனியார் வியாபாரியிடம் அவன் சொன்ன விலைக்கே தள்ளிவிட்டதையும் மகள் அனுப்பிய மெசேஜில்தான் படித்தேன்.

அந்தப் பதினைந்து நாளும் எனக்கு எல்லார் மேலும் கோபம். மாரிமுத்து அண்ணனைக் கூப்பிட்டுத் திட்டினேன். "எனக்கும் ஒருத்தன் சொன்னதுதான்டா" என்றார். அவருக்குச் சொன்னவனுக்கும் ஒருவன் சொல்லியிருப்பான். அதனால் தெரிந்துகொண்டதை நானாவது சரியாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர் என்றால் ஊர் சிம்மிலேயே அந்த நாட்டுக்கான ரோமிங் பேக் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது போன் ஏற்றுக்கொண்டால் கிளம்பும் முன்பே, கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே ஏறும் ஈ-சிம் வாங்கிவிடுங்கள். என் போன் பெரம்பலூரில் பழைய போன் கடையில் வாங்கியது, அதற்கு ஈ-சிம் ஆகாது. உங்களுடையதற்கு ஆகுமா என்று பணம் கட்டுவதற்கு முன்னால் பாருங்கள், பின்னால் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. வருடக் கணக்கில் இருக்க வருகிறவர் ஏர்போர்ட் கவுண்டர் பக்கமே போகாதீர்கள். ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால், கூட இருக்கும் ஆட்கள் போட்டிருக்கும் மாத சிம் எது என்று கேட்டு வாங்கலாம். அதில் பாதி விலை. ஊர் சிம்மை மட்டும் கழற்றாதீர்கள். ரோமிங்கை ஊரிலேயே கடைக்காரரிடம் சொல்லித் திறந்து வையுங்கள், உயிரோடு இருக்கிற அளவுக்கு ரீசார்ஜ் செய்யுங்கள், இரண்டாவது ஓட்டையில் போட்டு டேட்டாவை அணைத்துவிடுங்கள். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல ஒரு ஏஜெண்டுக்கு எத்தனை நிமிடம் ஆகும்?

ஆனால் இதெல்லாம் தெரிந்திருந்தாலும் மிஸ் லிம் கேட்ட கேள்வி அப்படியேதான் இருக்கும். என் கோபமெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து அதில்தான் முட்டியது. யோசித்துப் பார்த்தேன். கேஸ் புத்தகத்தில் என் நம்பர். ரேஷன் கார்டில் என் நம்பர். மகள் பள்ளிக்கூடத்தில் என் நம்பர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டீச்சர் கூப்பிட்டால் சாரத்தின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும் எனக்கு அடிக்கும், நான் அதைப் பார்த்துவிட்டு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கொளஞ்சிக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் இல்லாத ஆளின் நம்பரைத்தான் எங்கள் பக்கத்தில் வீட்டு நம்பர் என்று எழுதுகிறோம். ஒரு வீட்டில் இல்லை, நான் பார்த்த வீட்டில் எல்லாம் அப்படித்தான். அவளிடம் நம்பர் இருக்கிறதா என்று கேட்கிறவனும் இல்லை, சொல்கிறவனும் இல்லை. நானும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் அவளே கூப்பிட்டாள். "கேஸு, பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு எல்லாத்துலயும் நம்பர மாத்தப் போறேன். ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டாள். மாற்று என்றேன். "நெலம் மட்டும் ஒங்க பேருலயே கெடக்கட்டும். நம்பரு என்னுது" என்றாள். விரல் விஷயத்தையும் எங்கேயோ அலைந்து தெரிந்துகொண்டாள். எனக்குப் பதில் அவள் கைரேகை வைக்கலாம் என்று நான் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்றாள், அனுப்பினேன். அடுத்த போகத்துக்குப் பதிவுச் சீட்டு வந்ததும் படம் எடுத்து அனுப்பினாள். விவசாயி பெயர் என்ற இடத்தில் நான். கைபேசி எண் என்ற இடத்தில் அவள். ஒரே வரிதான்.

எடை போடும் நாளன்று நான் ஒன்பதாவது மாடியில் இருந்தேன். தேநீர் இடைவேளை. பொறுக்க முடியாமல் கூப்பிட்டேன். "நம்பரு வந்துச்சா?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான வரும்? எப்பவோ வந்துருச்சு, சொல்லியாச்சு. மூட்ட கட்டிட்டு இருக்காங்க, அப்பறம் பேசுறேன், வைங்க" என்றாள். வைக்கச் சொன்னாளே தவிர அவள் வைக்கவில்லை. இடுப்பில் செருகிவிட்டாள் போல. சாக்கு இழுபடும் சத்தம், தராசுக்காரரின் இருமல், யாரோ டீ கேட்பது எல்லாம் வந்துகொண்டிருந்தன. என் டேட்டாதான் ஓடிக்கொண்டிருந்தது. நானும் வைக்கவில்லை.

பட்டியல் எழுதுகிறவர் உரக்கக் கூப்பிட்டார். "ராமலிங்கம்! ராமலிங்கம் யாருப்பா?"

அது என் பெயர். என்னை அறியாமல் வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த பங்களாதேஷ்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாந்தாங்க" என்றாள் கொளஞ்சி.

"இந்தாம்மா, இங்க ஒரு கையெழுத்து."